ஒருவரும் விடுபடாத வகுப்பு

(இளையோரின் கல்வியும் உளநலமும் பற்றிய பாடக் கட்டுரை)

கல்வி என்னும் சொல்லைக் கேட்டவுடன் பள்ளிக் கட்டடமும் பாடநூலும் தேர்வு மதிப்பெண்ணும் நம் நினைவில் தோன்றுகின்றன. இவை மூன்றும் வேண்டியனவே. ஆயினும் இவற்றுக்கு முற்பட்ட ஒன்று உண்டு. 'இவ்விடத்தில் எனக்கும் இடம் உண்டு. நான் வராவிட்டால் என்னைத் தேடுவார்கள்' என்னும் நம்பிக்கை ஒரு பிள்ளையின் உள்ளத்தில் முதலில் வேர்கொள்ள வேண்டும். அது வேர்கொண்ட பின்னரே எழுத்தும் எண்ணும் நல்லொழுக்கமும் தளிர்க்கும். அந்நம்பிக்கை இல்லாத பிள்ளை, வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தும் வகுப்பில் இல்லாத பிள்ளையே ஆகும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றும், பின்னர் இளம் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தும் நாம் கண்டறிந்தவற்றையும், அண்மைக் காலத்தில் நம் மாநிலத்தில் நடந்தேறிய சில முயற்சிகள் புகட்டும் பாடங்களையும் இங்குத் தொகுத்துரைக்க விழைகின்றோம். பெற்றோரும், சங்கப் பொறுப்பாளர்களும், கோடைக்காலச் சமய வகுப்பு நடத்தும் அன்பர்களும் இதனை ஒரு பாடமாகவே கொண்டு படித்தல் நலம்.

1. சேர்த்தல் வேறு, இணைத்தல் வேறு

ஒரு பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது ஒரு நாள் வேலை. அப்பிள்ளையை வகுப்போடு இணைப்பது ஆண்டு முழுவதும் நிகழவேண்டிய வேலை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதனாலேயே பல நல்ல திட்டங்கள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன.

1994-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரில் 92 அரசுகளின் பேராளர்கள் கூடி ஓர் அறிக்கையை ஏற்றனர். உடற்குறையோ அறிதிறன் குறையோ உடைய பிள்ளைகளைத் தனிப்பள்ளிகளில் பிரித்து வைப்பதை விட, எல்லாப் பிள்ளைகளும் பயிலும் பொதுப்பள்ளியே அவர்களையும் ஏற்கும் வண்ணம் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். பிள்ளை பள்ளிக்கேற்ப வளைய வேண்டும் என்றிருந்த எண்ணம், பள்ளி பிள்ளைக்கேற்ப விரிய வேண்டும் என்று மாறியது அங்கேதான்.

நம் நாட்டிலும் சட்டங்கள் பின்தங்கவில்லை. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டணமற்ற கல்வியை உரிமையாக்கியது. இடைநின்ற பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரவேண்டும் என்றும் அது கூறுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளை ஏற்றுக்கொண்டு, 18 வயது வரை அவர்களுக்குக் கட்டணமற்ற கல்வியை உறுதி செய்கிறது.

சட்டம் வாயிலைத் திறந்துவிடும். உள்ளே வந்தவரை 'வா, இப்படி உட்கார்' என்று அழைப்பது மனிதர் வேலை. ஆகவே எந்தக் கல்வி முயற்சியையும் மூன்று வினாக்களால் அளந்து பார்க்கலாம். யார் வரவில்லை? வந்தவருள் யார் பேசவில்லை? பேசாதவரைப் பற்றி யார் கவலைகொண்டார்? இம்மூன்றுக்கும் விடை கூறக்கூடிய வகுப்பே ஒருவரும் விடுபடாத வகுப்பு.

2. வீட்டு வாயிலுக்கு வந்த கல்வி

பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் முதல் நம் மாநிலப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாள்தான் மீண்டும் திறக்கப்பட்டன. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிற்றூர்ப் பிள்ளைகள் பலர் புத்தகத்தைத் தொடவே இல்லை. கைப்பேசி உள்ள வீட்டுப் பிள்ளை ஏதோ கேட்டது; இல்லாத வீட்டுப் பிள்ளை அதையும் இழந்தது.

இவ்விழப்பை ஈடுசெய்யும் பொருட்டுத் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தை 2021 அக்டோபர் 27-ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கியது. நம் மக்கள் தொன்றுதொட்டு வாழும் திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களைக் கொண்ட அதே மாவட்டம் என்பது நமக்குக் கூடுதல் ஈடுபாடு தரும் செய்தியாகும். மாலை நேரத்தில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். ஒரு தன்னார்வலருக்கு இருபது பிள்ளைகள் அளவில் ஒரு சிறு குழு. இடம், தெருவில் உள்ள ஒரு வீட்டு முற்றம் அல்லது ஊர்ப் பொதுவிடம். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரும், நடுநிலை வகுப்பினர்க்குப் பட்டம் பெற்றவரும் தன்னார்வலராகலாம். திங்கள்தோறும் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் தன்னார்வலராயினர். அவருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பயன்பெற்றனர். பெருந்தொற்றின் இழப்பு குறையக் குறைய இத்திட்டமும் பின்னாளில் அளவில் சுருக்கப்பட்டது.

இதன் பயனை அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தனர். தமிழகச் சிற்றூர்களைச் சேர்ந்த ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை வீடுவீடாகச் சென்று சோதித்தனர். 2021 டிசம்பரில் பிள்ளைகள் தமிழிலும் கணக்கிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தனர். கணக்கில் ஏற்பட்ட இழப்பு தமிழில் ஏற்பட்டதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் அடுத்த ஆறு திங்களுக்குள் அவ்விழப்பில் மூன்றில் இரு பங்கு மீட்கப்பட்டிருந்தது. அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இம்மாலை வகுப்புகளால் விளைந்தது என்று அவர்கள் கணித்தனர். வறிய வீட்டுப் பிள்ளைகள் விரைந்து மீண்டனர் என்பது நாம் சிறப்பாக மனங்கொள்ளத்தக்கது.

3. பயன் தந்த காரணங்கள்

பெருந்திட்டம் ஒன்றைச் சிறு சமுதாயத்தினராகிய நாம் எடுத்து நடத்த இயலாது. ஆனால் அது பயன் தந்த காரணங்களை எடுத்துக்கொள்ள இயலும். அவை ஐந்து.

முதலாவது, அண்மை. பிள்ளை நடந்தே வரக்கூடிய தொலைவு. பேருந்தில் ஏறிப் போகவேண்டிய வகுப்புக்குப் பெண்பிள்ளைகள் முதலில் வரமாட்டார்கள். பின்னர் மற்றவரும் வரமாட்டார்கள்.

இரண்டாவது, அறிமுகம். கற்பிப்பவர் அதே தெருவின் அக்கா. இன்று ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. பிள்ளை வராவிட்டால் நான்கு வீடு தள்ளிச் சென்று கேட்டுவிடுவார்.

மூன்றாவது, சிறு குழு. இருபது பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் ஒளிந்துகொள்வது கடினம். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் அது எளிது.

நான்காவது, வகுப்பைப் பாராமல் நிலையைப் பார்த்தல். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூட்டல் வராவிட்டால் கூட்டலிலிருந்தே தொடங்க வேண்டும். ரஷ்ய உளவியல் அறிஞர் வைகாட்ஸ்கி கூறிய கருத்தை ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அறிவர். பிள்ளை தானே செய்யக்கூடியதற்கும், எவ்வளவு உதவினாலும் செய்ய இயலாததற்கும் இடையே, சிறிது உதவினால் செய்யக்கூடிய ஒரு பகுதி உண்டு. கற்பித்தல் நிகழ வேண்டிய இடம் அதுவே. இன்று பிறர் துணையோடு செய்ததை நாளை பிள்ளை தனியே செய்யும்.

ஐந்தாவது, ஒழுங்கு. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெருவிழாவினும் வாரந்தோறும் தவறாது நடக்கும் சிறு வகுப்பு பிள்ளைக்கு உறுதி தரும். எந்த நாள், எந்த நேரம் என்பது மாறாதிருத்தலே பாதி நன்மை.

ஊரார் பொறுப்பேற்கும் கல்வி நமக்குப் புதிதன்று. வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடால் கல்வெட்டை நம்முள் பலர் அறிவர். ஒன்பதாம் நூற்றாண்டில், முதலாம் ஆதித்த சோழன் காலத்தில், கனகவீரக் குரத்தியார் என்னும் ஆசிரியையின்கீழ் ஐந்நூறு மாணாக்கியர் இருந்தனர் என்றும், பிணக்கு ஒன்று நேர்ந்தபோது அவரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை அவ்வூரார் ஏற்றனர் என்றும் அது தெரிவிக்கிறது. கற்கும் பெண்களுக்குக் காவலும் சோறும் தருவது ஊரின் கடன் என்று கல்லில் வெட்டிவைத்த மண் இது. பள்ளி என்ற சொல்லே துறவியர் உறைவிடத்திலிருந்து பாடசாலைக்கு வந்த சொல் அன்றோ? அச்சொல்லுக்குரியவர்கள் ஒரு பிள்ளையையும் வாயிலில் நிறுத்திவிடலாகாது.

4. கற்றலில் இடர்ப்படும் பிள்ளை

எல்லா வகுப்பிலும் ஒரு பிள்ளை உண்டு. வாயால் கதை சொல்லும். வினா கேட்டால் நுட்பமாக விடை கூறும். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் தடுமாறும். எழுத்துகளை முன்பின்னாக எழுதும்; கரும்பலகையைப் பார்த்து எழுதுகையில் வரியைத் தவறவிடும். இப்பிள்ளையை 'மந்தம்' என்றும் 'சோம்பேறி' என்றும் நாம் எளிதாகப் பெயரிட்டுவிடுகின்றோம். உண்மையில் இது டிஸ்லெக்சியா எனப்படும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அறிவுக்குறைவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் வழி அப்பிள்ளையின் மூளையில் வேறுவிதமாக அமைந்திருக்கிறது, அவ்வளவே.

2016-ஆம் ஆண்டுச் சட்டம் இதனையும் இயலாமை வகைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. உரிய மருத்துவச் சான்று பெற்றால் அரசுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் முதலிய சலுகைகள் கிடைக்கும். இதனை அறியாமல் பத்தாம் வகுப்பில் தோற்று வீட்டில் முடங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர். சான்று பெறுவதை இழுக்கெனக் கருதும் பெற்றோரும் உளர். கண் மங்கிய பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கித் தருவதில் இழுக்கு இல்லையெனின், இதில் மட்டும் இழுக்கு எங்ஙனம் வந்தது?

வீட்டில் செய்யத்தக்கன சில உள. நாள்தோறும் பத்து நிமிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள்; பிள்ளை விரலால் வரியைத் தொடரட்டும். சொல்லை அசை அசையாகப் பிரித்துக் கைதட்டிச் சொல்லச் செய்யுங்கள். எழுத்துகளை அரிசி பரப்பிய தட்டில் விரலால் எழுதச் செய்யுங்கள். கண்ணும் காதும் கையும் ஒருங்கே பயிலும்போது நினைவு உறுதிப்படும். உறவினர் முன்னிலையில் படிக்கச் சொல்லிச் சோதிப்பதை அறவே விடுங்கள். அண்ணனோடும் அத்தை மகளோடும் ஒப்பிடுவதை அதற்கும் முன்னரே விடுங்கள். ஓராண்டு முயன்றும் முன்னேற்றம் இல்லையெனில் வல்லுநரை நாடத் தயங்கலாகாது.

5. அச்சம் நீங்கிய இடமே கல்விக்குரிய நிலம்

நால்வகைத் தானங்களை நம் முன்னோர் வகுத்தபோது உணவு, மருந்து, நூல் ஆகிய மூன்றோடு அபயத்தையும் சேர்த்தனர். அச்சத்தினின்று விடுவித்தலும் ஒரு கொடையே. அக்கொடையை நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று மிகுதியும் வேண்டி நிற்கின்றனர் என்பதை ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவு வெளியாகும் நாள்களில் காண்கின்றோம்.

உள்ளத்தின் நோய்கள் முதுமையில் வருவன என்பது தவறான எண்ணம். 2022-இல் வெளியான ஒரு பேராய்வு, உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, உளநோய்களுள் ஏறத்தாழ பாதி 18 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்று காட்டியது. ஆதலின் பள்ளிப் பருவமே கவனிக்கவேண்டிய பருவம். உறக்கம் குறைதல், உணவில் விருப்பின்மை, விரும்பிய விளையாட்டைக் கைவிடுதல், நண்பரைத் தவிர்த்தல், காரணமின்றித் தலைவலி வயிற்றுவலி என்று கூறுதல், 'நான் இருந்து என்ன பயன்' என்பது போன்ற சொற்கள் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 'வயசுக் கோளாறு' என்று ஒதுக்கிவிடலாகாது.

அத்தருணத்தில் அறிவுரை கூறுவதற்கு முன் செவிமடுத்தல் வேண்டும். 'இதெல்லாம் ஒரு துன்பமா? நாங்கள் பட்டதை விடவா?' என்னும் வினா, திறக்க இருந்த கதவை அடைத்துவிடும். பிள்ளை கூறியதையே நாம் திரும்பக் கூறி, 'அதனால் உனக்கு மனம் வலித்தது, அப்படித்தானே?' என்று கேட்டு நிறுத்துவது போதும். மிகுதியை அப்பிள்ளையே கூறும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேரே வினவுவது அவ்வெண்ணத்தை விதைக்கும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சத்துக்கு அடிப்படை இல்லை. கனிவோடு கேட்கப்படும்போது பிள்ளை தன் சுமையை இறக்கி வைக்கிறது. அத்தகைய எண்ணம் இருப்பதாக அறிந்தால் பிள்ளையைத் தனியே விடாது உடனிருந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

மூன்று எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். 14416, 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பட்ட டெலிமானஸ் என்னும் இலவச உளநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். 104, நம் மாநில மருத்துவ உதவி எண். தேர்வு முடிவுக் காலத்தில் மாணவர்க்கு ஆற்றுப்படுத்தும் உரை வழங்குவது. 1098, இடர்ப்படும் பிள்ளைகளுக்கான எண். இவற்றை அழைப்பது காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவது போன்றதே. குடும்ப மானத்துக்கு அதில் குறையொன்றும் இல்லை.

அடித்தல் பற்றியும் ஒரு சொல். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துதலையும் ஒருங்கே விலக்குகிறது. கொல்லாமையைப் பேசும் வீட்டில் பிள்ளையின் மேல் கை ஓங்குவதும், நாவினால் சுடுவதும் பொருந்துமா என்பதைப் பெரியோர் எண்ணிப் பார்த்தல் தகும்.

6. நம் கோடை வகுப்புகளில் செய்யத்தக்கன

கோடை விடுமுறையில் பல ஊர்களில் சமய வகுப்புகள் நடைபெறுகின்றன. இவற்றை நடத்துவோரின் தொண்டு போற்றற்குரியது. ஆயினும் அங்கே இருவகைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கண்டு நாணி நிற்பதை நாம் கண்டிருக்கின்றோம். சென்னையிலிருந்து வந்த பிள்ளை ஆங்கில வழியில் பயின்றது. துதிப்பாடலைத் தமிழெழுத்தில் படிக்கத் தெரியாது. ஊரிலேயே வளர்ந்த பிள்ளைக்குப் பாடல்கள் மனப்பாடம். ஆனால் நகரத்துப் பிள்ளை பேசும் ஆங்கிலத்தைக் கேட்டு வாய் மூடிக்கொள்ளும். ஒப்புவித்தல் போட்டி வைத்தால் முன்னவர் தலை குனிவர். வினாடி வினா வைத்தால் பின்னவர் தலை குனிவர். பரிசுகள் ஆண்டுதோறும் அதே நான்கு பேருக்கே சென்று சேரும். எஞ்சியோர் மறுகோடையில் வருவதில்லை. சிறிய சமுதாயத்துக்கு இவ்விழப்பு சிறிதன்று.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. 1971-இல் அமெரிக்க நாட்டின் ஆஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் அமர்த்தப்பட்டபோது பூசல் மிகுந்தது. எலியட் அரான்சன் என்னும் உளவியல் பேராசிரியர், பிள்ளைகள் ஒருவரோடொருவர் போட்டியிடும் முறையே பூசலை வளர்க்கிறது என்று கண்டு, வேறொரு முறையை வகுத்தார். படத்துண்டுகளை இணைத்து முழுப்படம் ஆக்கும் விளையாட்டைப் போன்றது அம்முறை. ஒரு பாடத்தை ஐந்து கூறாக்கி, ஐவர் கொண்ட குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு கூறு மட்டும் தரப்படும். ஒருவர் கூறு மற்றவருக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொருவரும் கூறுவதை எஞ்சியோர் கேட்டே ஆகவேண்டும்.

நம் வகுப்புக்கு ஏற்ற ஓர் எடுத்துக்காட்டு: பாடம் சித்தன்னவாசல். முதற்கூறு, புதுக்கோட்டைக்கு அருகில் அக்குன்று அமைந்த இடம். இரண்டாம் கூறு, ஏழடிப்பட்டத்தில் உள்ள கற்படுக்கைகளும் பழந்தமிழ்க் கல்வெட்டும். மூன்றாம் கூறு, அறிவர் கோயிலின் குடைவரை அமைப்பு. நான்காம் கூறு, தாமரைத் தடாக ஓவியம். ஐந்தாம் கூறு, ஒன்பதாம் நூற்றாண்டில் அக்கோயிலைப் புதுப்பித்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் பற்றிய கல்வெட்டு.

முதலில் எல்லாக் குழுக்களிலும் ஒரே கூறைப் பெற்றவர்கள் தனியே கூடிக் கால் மணி நேரம் பயிலட்டும். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அங்கே மற்றவர் படித்துக் காட்டுவர். பின்னர் ஒவ்வொருவரும் தம் குழுவுக்குத் திரும்பித் தம் கூறைக் கற்பிக்கட்டும். திக்கிப் பேசும் பிள்ளையையும் மற்ற நால்வர் பொறுமையோடு கேட்பர். ஏனெனில் அது கூறாமல் அவர்களுக்கு விடை தெரியாது. இறுதியில் ஐவரும் சேர்ந்து ஒரு படம் வரையலாம். பரிசு வேண்டுமாயின் குழுவுக்கே வழங்கலாம். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கும் செவிப்புலன் குறைந்த பிள்ளைக்கும் இம்முறையில் இடம் தானே அமைந்துவிடும். வகுப்பைப் படியில்லாத தளத்தில் நடத்துவதும், முகத்தைப் பார்த்துத் தெளிவாகப் பேசுவதும் மட்டும் நாம் செய்யவேண்டியவை.

7. வளர்ந்தோர்க்குப் பொறுப்பு

பதினாறு வயதைக் கடந்தோர் நம் கூட்டங்களுக்கு வருவதில்லை என்னும் முறையீட்டை எங்கும் கேட்கின்றோம். அவர்களை நாம் எதற்காக அழைக்கின்றோம்? நாற்காலி அடுக்கவும் பந்தியில் பரிமாறவும் அழைக்கின்றோம்; முடிவெடுக்கும்போது வெளியே நிறுத்துகின்றோம். தம் சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்துக்கு யார்தான் விரும்பி வருவர்?

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கம் இதற்கு ஒரு விடை தருகிறது. எழுத்தறிவிக்கும் பணியில் ஊர்தோறும் இளைஞரும் இளம்பெண்களும் தன்னார்வலராக நின்றனர். எழுத்தோடு அங்கு நிற்கவில்லை. பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். தண்ணீருக்கும் சந்தைக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் ஒருவர் துணையை எதிர்பாராமல் தாமே சென்று வரும் விடுதலையை அது தந்தது. பொறுப்பை நம்பி ஒப்படைத்தபோது இளையோர் அதனை ஏற்று நடத்தினர் என்பதே இதன் பாடம்.

நம் சங்கங்களும் நிருவாகக் குழுவில் 25 வயதுக்குட்பட்ட இருவருக்கு, ஒருவர் பெண்ணாக, வாக்குரிமையோடு இடம் தரலாம். ஊர்க் கோயில் கல்வெட்டுகளையும் ஓலைச் சுவடிகளையும் படமெடுத்துப் பட்டியலிடும் பணியை அவர்களிடம் விடலாம். கல்லூரியில் பயில்வோர் ஒவ்வொருவரும் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு ஓராண்டுத் துணையாக அமையலாம். தேர்வில் தோற்ற பிள்ளைக்கு அடுத்து என்ன படிப்பு, எந்தத் தொழிற்பயிற்சி, துணைத்தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது என்பதை அறிவுறுத்த, மதிப்பெண் பட்டியலைக் கண்டு முகம் சுளிக்காத ஒரு மூத்தவர் ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும்.

8. காவல்

பிள்ளைகள் கூடும் இடத்தில் பாதுகாப்பு முதற்கடமை. எவ்வளவு நம்பத்தக்கவராயினும் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனித்திருத்தல் கூடாது என்னும் விதியை எல்லார்க்கும் பொதுவாக வைக்க வேண்டும். எல்லார்க்கும் பொதுவானால் அது யாரையும் ஐயுறுவது ஆகாது. தங்கும் முகாம் எனில் பெண்பிள்ளைகளுக்குப் பெண் பொறுப்பாளரும் தனிக் கழிப்பறையும் இன்றியமையாதன. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். ஊர்ப் பெரியோர் கூடிப் பேசி முடித்துவிடும் செய்தி அன்று அது. பிள்ளை ஒன்றைக் கூறினால் முதலில் நம்புக.

நிறைவுரை

இவையனைத்துக்கும் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு திண்ணை, வாரத்தில் ஒரு குறித்த நேரம், பிள்ளைகளின் பெயரை அறிந்த ஒருவர் ஆகிய மூன்றும் இருந்தால் இவ்வாரமே தொடங்கலாம். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், பட்டம் பெற்று வீட்டிலிருக்கும் நம் பெண்மணிகளும் இதற்கு முன்வர வேண்டுமென அன்புடன் வேண்டுகின்றோம். முதல் வகுப்புக்கு ஐவரே வரினும் வருந்தற்க. ஆறாவது பிள்ளை ஏன் வரவில்லை என்று அன்று மாலையே அவ்வீட்டுக்குச் சென்று கேட்டு வருக.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் கடந்த மூன்றாண்டுகளில் படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளைகள் யாவர்? நிறுத்திய காரணத்தை அவர்களிடமே கேட்டோமா?

2. சென்ற கோடை வகுப்பில் பரிசு பெறாத பிள்ளைகளுள் எத்தனை பேரின் பெயர் நமக்கு நினைவிருக்கிறது?

3. நம் கோயிலும் சங்கக் கட்டடமும் நடக்க இயலாத ஒரு பிள்ளை பிறர் துணையின்றி நுழையும்படி உள்ளனவா?

4. மதிப்பெண் பற்றியன்றி வேறு எதைப் பற்றி இவ்வாரம் நம் வீட்டுப் பிள்ளையிடம் கால் மணி நேரம் பேசினோம்?

5. மேலே கூறிய ஐந்து கூறு முறைக்கு ஏற்ப, உங்கள் ஊர்க் கோயிலைப் பற்றிய பாடம் ஒன்றை வகுத்துப் பார்க்க.